வண்டி ஏறவில்லை, முள் ஏறியது: பேக்கர் ஏற்றத்தில் ஒரு மோட்டார்ஹோம்

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, பகல் 11.40. படுக்கையறை, சமையலறையோடு வீடாகவே இருக்கும் எங்கள் மோட்டார்ஹோமில், லாஸ் வேகாஸ் வழியாக யூட்டாவின் சையன் தேசியப் பூங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கலிபோர்னியாவின் பேக்கர் ஊரைத் தாண்டி ஐ-15 நெடுஞ்சாலையில் ஏறத் தொடங்கி ஒன்பது மைல் ஆகியிருந்தது. வெளியே 111 டிகிரி ஃபாரன்ஹீட். எஞ்சினை ஆற்றும் திரவமான கூலண்டின் வெப்பம் எங்கள் வண்டியில் வழக்கமாக 190-ஐ ஒட்டியே நிற்கும். அன்று 205, 212, 218 என்று முள் நகர்ந்துகொண்டே போய், 224-இல் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பலனில்லை. எஞ்சினின் கணினி டீசலைக் குறைத்துவிட்டது. 30,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டி, பின்னால் கொக்கி போட்டு இழுத்துவந்த கார், உள்ளே ஐந்து பேர், மணிக்கு 22 மைல் வேகம். எங்களைக் கடந்துபோன ஒவ்வொரு லாரியும் ஹாரன் அடித்தது.

யாருக்கும் காயமில்லை. எஞ்சினும் பிழைத்தது. இழுவை வண்டிச் செலவுகூட ஆகவில்லை. பிறகு ஏன் இதை எழுதிவைக்கிறேன் என்றால், இந்தப் பழுது அன்று வந்ததல்ல. நான்கு வருடமாக நாங்கள் படுத்துத் தூங்கிய கட்டிலுக்கு அடியிலேயே வளர்ந்தது. அதைப் பார்த்திருக்க வேண்டிய இரண்டு பட்டறைக்காரர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதுதான் இதில் பேச வேண்டிய விஷயம்.

வண்டி

2006 மாடல், 39 அடி நீளம், பின்பக்கம் டீசல் எஞ்சின். இங்கே இதை 'டீசல் புஷர்' என்பார்கள், பின்னாலிருந்து தள்ளுவதால். ஆறு சிலிண்டர், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், காற்று பிரேக், 22.5 அங்குல சக்கரத்தில் ஆறு டயர். மொத்த எடை வரம்பு 32,000 பவுண்டு. 2019-இல் இரண்டாம் கையாக வாங்கியபோது 41,000 மைல்தான் ஓடியிருந்தது.

39 அடியில் நிறுத்திக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. கலிபோர்னியாவில் 40 அடி வரை கார் ஓட்டும் அதே கிளாஸ் சி உரிமம் போதும். அதைத் தாண்டி 45 அடி வரை போனால் வணிகமற்ற கிளாஸ் பி உரிமம் எடுக்க வேண்டும். உரிமம் போதும் என்று சட்டம் சொல்வது வேறு, ஓட்டத் தெரிவது வேறு. நான் முதல் மாதம் முழுக்க ஒரு காலி மைதானத்தில் கூம்பு வைத்துப் பழகினேன். பின்னால் கார் கட்டியிருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே முடியாது, முதலில் காரைக் கழற்ற வேண்டும் என்பதைப் பழகும்போது யாரும் சொல்லவில்லை. அதை ஒரு பெட்ரோல் நிலையத்தில், எனக்குப் பின்னால் எட்டு வண்டி நிற்கும்போது கற்றுக்கொண்டேன்.

41,000 மைல் என்றதும் வாங்கும்போது எனக்கு ஒரே சந்தோஷம். 13 வருடத்தில் அவ்வளவுதான் ஓடியிருக்கிறது, புதுசு மாதிரி என்று நினைத்தேன். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இந்த வண்டிகள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம்.

ஏற்றம்

பேக்கர் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிகூட உயரமில்லை. டெத் வேலிக்குப் போகும் சாலை அங்கேதான் பிரிகிறது. ஊர் நடுவில் 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானி நிற்கும். 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியில் பதிவான 134 டிகிரியின் நினைவாக அத்தனை அடி. அங்கிருந்து கிழக்கே ஹலோரன் உச்சி வரை ஏறக்குறைய 17 மைலில் சாலை சுமார் 3,000 அடி ஏறுகிறது. ஒரே மூச்சாக ஏறும் செங்குத்து இல்லை. கண்ணுக்குச் சமதளம் மாதிரியே தெரியும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். எஞ்சினுக்கு நடுவில் மூச்சு விட இடமே கிடையாது. சூடாகாமல் இருக்க ஏசியை அணைக்கச் சொல்லி வழியில் பலகைகளும் உண்டு.

அந்தப் பலகையைப் பற்றி ஒரு சின்ன விளக்கம். பெரிய மோட்டார்ஹோமில் இரண்டு வகை ஏசி உண்டு. முன்பக்க டேஷ் ஏசியின் கம்ப்ரசரை எஞ்சின்தான் சுற்றுகிறது. கூரையில் இருக்கும் ஏசிகளோ ஜெனரேட்டரில் ஓடுபவை, ஜெனரேட்டருக்குத் தனி எஞ்சின், தனி ரேடியேட்டர். ஏற்றத்தில் அணைக்க வேண்டியது டேஷ் ஏசியை மட்டும். பதற்றத்தில் என் மனைவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் உள்ளே இருந்த குழந்தைகள் வேர்த்துச் சிவந்துவிட்டார்கள், கூரை ஏசியை அணைத்ததால் எஞ்சினுக்கு ஒரு டிகிரி லாபம்கூட இல்லை.

பக்கத்து இருக்கையில் என் மாமனார். நாமக்கல்காரர், முப்பது வருடம் லாரி வைத்து ஓட்டியவர், இரண்டு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். முள் 205-ஐத் தொட்டபோதே அவர் கவனித்துவிட்டார்.

"மாப்ளே, கியர எறக்குங்க. எஞ்சின் முக்குது பாருங்க, சத்தமே சரியில்ல."

"அது ஆட்டோமேட்டிக் மாமா, அதுவே போட்டுக்கும்."

"அதுக்கு என்னங்க தெரியும், வெளிய வெயிலு எவ்வளவுன்னு?"

அவர் சொன்னது சரி. வண்டி ஐந்தாம் கியரில் நிமிடத்துக்கு 1,500 சுற்றில், முழு டீசலையும் குடித்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் எஞ்சின் உண்டாக்கும் சூடு உச்சத்தில் இருக்கும். அதை வெளியேற்ற வேண்டிய தண்ணீர் பம்பும் விசிறியும் மெதுவாகச் சுற்றும், எங்கள் வண்டியில் இரண்டுமே எஞ்சின் வேகத்தோடு கட்டுண்டவை என்பதால். நான்காம் கியருக்கோ மூன்றாம் கியருக்கோ இறக்கி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, 2,000 சுற்றுக்கு மேல் வைத்திருந்தால் வேகம் குறையும், சத்தம் கூடும், சூடு இறங்கும். கியர் பட்டன் பலகையில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருப்பதே இதற்குத்தான். நான்கு வருடத்தில் நான் அதை இறக்கத்தில் மட்டுமே தொட்டிருந்தேன். அன்று கியரை இறக்கும்போது 218 ஆகியிருந்தது. காலம் கடந்துவிட்டது.

ஓரங்கட்டிய பிறகு

சிவப்பு விளக்கு எரிந்ததும் சாலை ஓரத்தில் நிறுத்தினேன். எஞ்சினை உடனே அணைக்கவில்லை. நியூட்ரலில் போட்டு, சுற்றைக் கொஞ்சம் ஏற்றி ஓடவிட்டேன். பாரம் இல்லாத எஞ்சின் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். சட்டென்று அணைத்தால், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ கொதித்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு எண்ணெய் ஓட்டம் நின்றுபோகும், தேங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் கருகிவிடும். ஆறு நிமிடத்தில் முள் 200-க்கு இறங்கியது. கூலண்ட் மூடியைத் தொடவே இல்லை. அழுத்தத்தில் இருக்கும் அந்த மூடியைச் சூட்டில் திறந்தால் முகத்துக்குத்தான் வரும்.

இழுவை நிறுவனம் ஒன்றுக்குப் போன் செய்தோம். ஐந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். இந்த எடைக்குக் கார் இழுக்கும் வண்டி உதவாது, கனரக இழுவை வண்டி வேண்டும். பின்சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும், வெளியிலிருந்து காற்று கொடுத்து பிரேக்கை விடுவிக்க வேண்டும். காற்று பிரேக்கில் காற்று போனால் ஸ்பிரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், வண்டி அசையாது. என்னிடம் இருந்த உறுப்பினர் அட்டையில் கார் அளவு வண்டிகளுக்குத்தான் இலவச இழுவை. மோட்டார்ஹோமுக்கான தனித் திட்டத்தை நான் எடுத்திருக்கவில்லை. இந்த அளவு வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே தங்கள் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

ஏற முடியாத வண்டி இறங்கலாமே என்று தோன்றியது. காரைக் கழற்றினோம், மனைவி குழந்தைகளோடு அதில் ஏறிக்கொண்டார். நான் மூன்றாம் கியரில் எச்சரிக்கை விளக்கோடு ஊர்ந்து, அடுத்த வெளிவழியான ஹலோரன் ஸ்பிரிங்ஸில் திரும்பி, பேக்கருக்கே இறங்கிவந்தேன். இறக்கம் முழுக்க முள் 180-ஐத் தாண்டவில்லை.

இரவு 9 மணிக்கு மறுபடி ஏறினோம். வெளியே 94 டிகிரி. கார் தனியாகப் பின்னால் வந்தது. மூன்றாம் கியர், மணிக்கு 35 மைல், 2,100 சுற்று. முள் 208 வரை போய் அங்கேயே நின்றது. உச்சியைத் தாண்டினோம்.

இந்த இரவு ஏற்றம்தான் பிற்பாடு நோயைக் கண்டுபிடிக்க உதவியது. ரேடியேட்டருக்குக் கூலண்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தாலோ, தண்ணீர் பம்ப் போயிருந்தாலோ, அந்த 17 மைலை இரவிலும் ஏறியிருக்க முடியாது. பாரம் குறைந்தால் சரியாகிறது, காற்று குளிர்ந்தால் சரியாகிறது, விசிறி வேகமாகச் சுற்றினால் சரியாகிறது என்றால் கூலண்ட் ஓட்டத்தில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. காற்று போக வேண்டிய இடத்தில்தான் ஏதோ அடைத்திருக்கிறது.

கட்டிலுக்கு அடியில்

பயணம் முடிந்து வீடு திரும்பியதும் பார்க்க உட்கார்ந்தோம். மாமனாரின் முதல் தீர்ப்பு உடனே வந்தது.

"தெர்மோஸ்டாட்ட கழட்டி வீசிருங்க மாப்ளே. எங்க வண்டி எதுலயும் நாங்க வெச்சதே இல்ல."

இது நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலான வழக்கம். ஆனால் இங்கே அது எதிர்விளைவைத் தரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் ஒரு குறுக்குவழியில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூடானதும் தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே அசைவில் குறுக்குவழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சூட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும். பழைய எஞ்சின் சிலவற்றில் இது பெரிதாகத் தெரியாது. எங்கள் எஞ்சினில் தெரியும். படம் போட்டுக் காட்டியதும் மாமனார் ஒத்துக்கொண்டார். "அப்ப காத்தப் பாருங்க" என்றார்.

எங்கள் வண்டியில் ரேடியேட்டர் இருப்பது பின்பக்கக் கடைசியில். காருக்கு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு ஓட்டத்தில் எதிர்க்காற்று தானாகக் கிடைக்கும். இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விசிறி அடிக்கும் காற்று மட்டும்தான். அந்த விசிறி எஞ்சின் பக்கத்திலிருந்து காற்றை இழுத்து, டர்போ அனுப்பும் காற்றை ஆற்றும் இன்டர்கூலர், ரேடியேட்டர் இரண்டின் வழியாகவும் பின்னால் தள்ளுகிறது. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? வண்டிக்கு அடியிலிருந்து, பின்சக்கரங்கள் கிளப்பிவிடும் புழுதியோடு. ஆக அழுக்கு படிவது எஞ்சின் பக்கத்து முகத்தில். வெளியிலிருந்து பின் கிரில் வழியாகப் பார்த்தால் தெரிவதோ மறுமுகம். அதை நான் மாதம் ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவுவேன். பளபள என்று இருக்கும். நாலு வருடம் அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்தேன்.

உள்முகத்தைப் பார்க்க ஒரே வழி, படுக்கையறையில் மெத்தையைத் தூக்கி, கட்டில் பலகையை நிமிர்த்தி, அதற்குக் கீழே எட்டுத் திருகு போட்ட மூடியைக் கழற்றுவது. திறந்ததும் எஞ்சின் தலை தெரியும். நான் உள்ளே குப்புறப் படுத்து விசிறிக் கூண்டுக்குள் டார்ச்சை நுழைத்தேன். மாமனார் இருட்டியபின் பின் கிரிலுக்கு நேராக நின்றார்.

"வெளிச்சம் வருதா மாமா?"

"போட்டுட்டீங்களா மாப்ளே?"

டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது. எஞ்சினைக் கிளப்பினோம். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து கிரிலுக்கு எதிரே பிடித்தார். துண்டு தொங்கியது தொங்கியபடியே இருந்தது. ஓரம் மட்டும் லேசாக ஆடியது.

ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை விட்டுச் சுரண்டினேன். முதலில் வந்தது சாம்பல் நிறப் பஞ்சு: மரங்களிலிருந்து பறக்கும் விதைப் பஞ்சு, முடி, நூல். அதற்குக் கீழே கன்னங்கரேல் என்று ஒரு பாய், கிட்டத்தட்ட அரை அங்குலக் கனத்துக்கு. பத்து வருடம் துடைக்காத சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியின் இறக்கையில் விரலை வைத்தால் ஒட்டுமே, அதே பிசுக்கு, அதே வாடை, கொஞ்சம் டீசலோடு. புழுதி மட்டும் இருந்திருந்தால் ஒரு மழையில் உதிர்ந்திருக்கும். எண்ணெய்தான் அதைப் பாயாக நெய்திருந்தது.

அந்த எண்ணெய் எங்கிருந்து

எந்த டீசல் எஞ்சினிலும் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும். அந்த அழுத்தம் வெளியேற எண்ணெய்த் தொட்டியிலிருந்து ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அதில் காற்றோடு எண்ணெய்ப் புகையும் வரும், வரத்தான் செய்யும். இங்குள்ளவர்கள் செல்லமாக 'ஸ்லாபர் டியூப்' என்பார்கள். எச்சில் ஒழுகும் குழாய் என்று பொருள். லாரியில் எஞ்சின் முன்னால், ரேடியேட்டர் அதற்கும் முன்னால், காற்று பின்னோக்கிப் போகும். குழாய் எச்சில் விட்டால் சாலையில் விழும், ரேடியேட்டருக்குச் சம்பந்தமில்லை. அதே எஞ்சினைத் திருப்பி வைத்த மோட்டார்ஹோமில் அந்தக் குழாயின் வாய் விசிறிக்கு முன்னால் முடிந்திருந்தது. குழாய் கக்கியதை எல்லாம் விசிறி வாரி ரேடியேட்டரில் அப்பியிருக்கிறது, 17 வருடமாக.

போதாததற்கு எண்ணெய் அளவும் கூடுதல். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தொடும் அளவுக்குத்தான் இருந்தது, அதைப் பார்த்தால் தப்பு தெரியாது. ஆனால் அடுத்த ஆயில் மாற்றத்தில் நானே கூடவே நின்று, கையேட்டில் சொன்ன அளவை அளந்து ஊற்றச் சொன்னபோது, எண்ணெய் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழேயே நின்றது. டிப் ஸ்டிக்கின் கோடே தவறு. பின்பக்கம் இடநெருக்கடியில் குழாயை வளைத்து நீட்டிப் பொருத்தும் இந்த வண்டிகளில் இப்படி நேர்வதுண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் பட்டறையில் கோடு வரை நிரப்பினார்கள். கூடுதல் எண்ணெயை எஞ்சினுக்கு அடியில் சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கும், நுரை மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். சில ஆயிரம் மைலில் அளவு தானாகக் குறைந்து நின்றுவிடும். நானும் 'கொஞ்சம் எண்ணெய் தின்கிறது' என்று மேலும் ஊற்றியிருக்கிறேன்.

யார் பார்த்திருக்க வேண்டும்?

நான்கு வருடத்தில் இந்த வண்டி மூன்று இடங்களுக்குப் போயிருக்கிறது. லாரிப் பட்டறையில் ஆயில், ஃபில்டர், கிரீஸ். மோட்டார்ஹோம் விற்பனை நிலையத்தின் பட்டறையில் கூரை, வீட்டுத் தண்ணீர்ப் பம்ப், ஃபிரிட்ஜ். டயர் கடையில் டயர். லாரிப் பட்டறைக்காரர் கீழே படுத்து வேலை செய்பவர். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கையறைக்குள் போய் மெத்தையைத் தூக்குவது அவர் தொழிலில் இல்லை. மோட்டார்ஹோம் பட்டறைக்காரருக்கு எஞ்சின் ஆகாது. 'சேசிஸ் எங்கள் வேலை இல்லை' (எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்தான் சேசிஸ்) என்று ரசீதிலேயே அச்சடித்திருந்தார்கள். லாரிக்காரருக்கு இது வீடு, வீட்டுக்காரருக்கு இது லாரி. ரேடியேட்டரின் உள்முகம் இந்த இரண்டு தொழிலுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. இரண்டு பேர் மேலும் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பெரிய தப்பு என்னுடையது. இந்த வண்டியில் ஒரே ஆள்தான் எல்லா மூடியையும் திறக்க முடியும். அது அதன் சொந்தக்காரர்.

கழுவியது

இரண்டு நாள் ஆனது. அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும் இயந்திரத்தை எடுக்க எனக்குக் கை பரபரத்தது, எடுக்கவில்லை. அலுமினியத் தகடுகள் காகிதக் கனம்தான், அந்த அழுத்தத்தில் மடங்கிவிடும். மடங்கினால் அப்புறம் அழுக்கே இல்லாமலும் அடைப்புதான். காரம் மிகுந்த கிளீனரும் கூடாது, அலுமினியத்தை அரிக்கும். அலுமினியத்துக்கு ஆகும் என்று எழுதியிருந்த பிசுக்கு நீக்கியை வாங்கி, செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பில் நீண்ட குழாய் மாட்டி, கட்டில் ஓட்டை வழியே உள்முகம் முழுக்க நனைத்தோம். பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, தோட்டக் குழாயில் மெதுவாக அலசல். முதல் நாள் நான்கு சுற்று, மறுநாள் மூன்று. ஆல்டர்நேட்டருக்கும் எலெக்ட்ரிக் இணைப்புகளுக்கும் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தோம். கீழே தார்ப்பாய் விரித்து அழுக்குத் தண்ணீரைப் பிடித்தோம். அதைத் தெருவின் மழைநீர் வடிகாலில் விடக் கூடாது, நகராட்சியின் கழிவு மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். முதல் சுற்றில் வந்தது தண்ணீர் என்றே சொல்ல முடியாது, கெட்டியான கறுப்புக் குழம்பு.

ஐந்தாம் சுற்றுக்கு அப்புறம் டார்ச் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஏழாம் சுற்றுக்கு அப்புறம் ஒரு பொட்டலம் நட்சத்திரத்தை அவிழ்த்துக் கொட்டினாற்போல. எஞ்சினைக் கிளப்பியதும் மாமனார் கையிலிருந்த துண்டு பறந்து அடுத்த வீட்டு வேலியில் போய் விழுந்தது. அவர் அதை எடுக்கப் போகாமல் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மூச்சுக்குழாயின் வாயில் ஒரு ரப்பர் ஹோஸ் இணைத்து, சேசிஸ் சட்டம் ஓரமாகக் கொண்டுபோய், விசிறிக்கு எட்டாத இடத்தில், ரேடியேட்டருக்குப் பின்னால் தரையைப் பார்த்து விட்டோம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹோஸ் எங்கும் தொய்யாமல் கீழ்நோக்கியே இறங்க வேண்டும். தொய்வில் ஈரம் தங்கினால் குளிர்காலத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் உள்ளழுத்தம் எண்ணெய் சீல்களைப் பிதுக்கிவிடும். கிளீனர், ஹோஸ், கிளிப்புகள் எல்லாம் சேர்த்து 96 டாலர். ஒரு பட்டறையில் ரேடியேட்டரையே இறக்கிச் சுத்தம் செய்ய விலை கேட்டிருந்தேன். அது இதைப்போல முப்பது மடங்கு.

கை வைத்த கையோடு கூலண்டையும் சோதனைத் தாளில் பார்த்தோம். ஈர லைனர், அதாவது வெளிப்பக்கம் கூலண்டில் நனைந்திருக்கும் சிலிண்டர் உறை, வைத்த இத்தகைய எஞ்சின்களில் லைனர் அதிர்வில் உண்டாகும் நுண்குமிழிகள் வெடித்து வெடித்து உலோகத்தில் ஊசித் துளை போடும். அதைத் தடுக்கும் மருந்து கூலண்டில் குறைந்தால் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, தாளில்தான் தெரியும். எங்களுடையது கீழெல்லையில் இருந்தது. முழுக்க மாற்றிவிட்டோம்.

மற்ற மூடிகள்

இதற்கப்புறம் நான் திறக்காத மூடிகள் எத்தனை என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. டயரில் ஆரம்பித்தேன். தரையைத் தொடும் பட்டன்களின் ஆழம் எல்லாம் புதுசு போலவே இருந்தது. டயரின் வயது பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தில் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். எங்களுடையதில் அது உட்பக்கம். அட்டையை விரித்து அடியில் நுழைந்து, துணியால் துடைத்துப் பார்த்தால் 2212. 2012-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரம். பதினொரு வருடம். மிச்செலின் நிறுவனமே ஐந்து வருடத்துக்கு மேல் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டச் சொல்கிறது, பத்து வருடத்தில் எப்படி இருந்தாலும் மாற்றச் சொல்கிறது. பேக்கரில் 111 டிகிரியில் அந்த முன் டயர் வெடித்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும், அல்லது இருந்திருக்காது. ஆறையும் மாற்றினோம். அந்த வருடத்தின் பெரிய செலவு அதுதான்.

புது டயரோடு லாரி நிறுத்தத்தில் இருக்கும் 'கேட்' (CAT) நிறுவனத்தின் எடைமேடையில் ஏற்றினேன். டீசல், தண்ணீர், ஆட்கள் எல்லாம் நிறைந்த நிலையில்தான் எடை போட வேண்டும். முன் அச்சு 12,000 வரம்பில் 11,640. தண்ணீர்த் தொட்டி 100 கேலன், கேலனுக்கு 8.3 பவுண்டு வீதம் அது மட்டும் 830 பவுண்டு. ஊருக்கு ஊர் தண்ணீர் கிடைக்கும் நாட்டில் அதை ஏன் நிரப்பிச் சுமந்தோம் என்று தெரியவில்லை. இப்போது கால் தொட்டிதான். டயர் காற்றும் அப்படித்தான். கடையில் டயர் பக்கச் சுவரில் எழுதிய உச்ச அளவுக்கு ஊதி அனுப்புவார்கள். டயர் நிறுவனத்தின் எடை அட்டவணையில் நம் அச்சு எடைக்கு என்ன போட்டிருக்கிறதோ அதற்கு மேல் ஐந்து பிஎஸ்ஐ, அதுவும் காலையில் குளிர்ந்த டயரில். அவ்வளவு போதும். ஸ்டியரிங்கின் அதிர்ச்சி பாதி குறைந்துவிட்டது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், பாதிச் சுமையோடு ஓட்ட வேண்டும். சும்மா ஐந்து நிமிடம் கிளப்பி அணைப்பதில் பயனில்லை. கூரை ஓட்டைகளைச் சுற்றியுள்ள பசையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும், விரிசலில் நீர் இறங்கினால் சுவர் உப்பும்வரை தெரியாது. பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர். காற்று பிரேக்கில் காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜை மூன்று வருடத்துக்குள் மாற்றிவிடுவது. மூடியைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு நாட்காட்டி போட்டுவிட்டேன். அதில் 'கட்டில்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மகள் என்னவென்று கேட்டாள்.

மறுபடி அதே ஏற்றம்

செப்டம்பரில் மாமனார் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம், வேண்டுமென்றே அதே சாலையில் போனோம். பகல் 1 மணி, 104 டிகிரி, கார் பின்னால் கட்டியிருந்தது, டேஷ் ஏசியும் ஓடியது. பேக்கரைத் தாண்டியதுமே நான்காம் கியருக்கு இறக்கினேன். மணிக்கு 45 மைல், 2,050 சுற்று. ஹலோரன் உச்சியில் முள் 203. அதற்கடுத்த மவுண்டன் பாஸ் ஏற்றத்தில் 201. வெயில் ஜூலையைவிட ஏழு டிகிரி குறைவு, தொட்டியில் தண்ணீரும் குறைவு; ஆக எல்லாப் பெருமையும் கழுவியதற்கே என்று சொல்லிக்கொள்ள முடியாது. கியரை முன்கூட்டியே இறக்கியதற்கும் ஒரு பங்கு உண்டு. பிரித்துப் பார்க்க இன்னொரு ஜூலை வேண்டும்.

வேகாஸில் நிறுத்தியதும் மாமனார் முதலில் போனது வண்டியின் பின்பக்கம். நீட்டிய ஹோஸின் வாய்க்குக் கீழே சிமென்ட் தரையில் மூன்று சொட்டு எண்ணெய். குனிந்து ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இப்பதாங்க மாப்ளே இது லாரி."

டிப் ஸ்டிக்கின் பழைய கோட்டை இன்னும் அழிக்கவில்லை. அளந்து ஊற்றிய அளவுக்கு நேராக அரத்தால் ஒரு வெட்டு போட்டிருக்கிறேன். அடுத்த ஆயில் மாற்றம் வேறு பட்டறையில். பழைய கோட்டைப் பார்க்காமல் அந்த வெட்டைப் பாருங்கள் என்று எழுதி, மூடியில் ஒரு துண்டுச் சீட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.